உருபு உதிர்ந்த நடுக்காலம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜுனைதீன் சேரின் மௌத்துச் செய்தி கேட்டபோது எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல; நான் செய்தது அவருக்குத் தெரிந்திருக்குமா என்ற கேள்விதான். அவரை அறிந்தவர்களே, அதை மறைத்துக்கொண்டு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கல்முனையில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் ஆங்கிலம், நான் கணிதம். ஓய்வுப் பாடவேளைகளில் ஒரு தடித்த கொப்பியில் தானே ஒரு மொழியைச் செய்துகொண்டிருப்பார். "பாரசீகத்துக்கும் சிங்களத்துக்கும் ஒண்டுவிட்ட தங்கச்சி" என்பார். அதற்கு ஆதிகாலம், நடுக்காலம் என்று வயதும் வைத்திருந்தார். எழுதுவார், என்னைப் பார்ப்பார், சிரிப்பார், மறுபடி எழுதுவார். என்னைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று நம்பினேன். ஓரத்தில் குறித்த தமிழ்ப் பொருளை எட்டிப் பார்த்தே பத்துப் பதினைந்து சொற்கள் பிடிபட்டன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குற்றம் செய்யுமுன்பே குறுகுறுத்தது.

பாடத்திட்டத்தில் இல்லாத மொழியை வகுப்பில் படிப்பிக்கிறார் என்று, பெயர் போடாமல், மேலிடத்துக்கு மொட்டைப் பெட்டிசம் போட்டேன். அவரைத் தூரத்துச் சாகாமத்துப் பக்கம் மாற்றினார்கள். பிறகு எனக்கு வரவிருந்த பிரதி அதிபர் பதவியும் ஒரு மொட்டைப் பெட்டிசத்தால் நின்றது. அவரைத்தான் சந்தேகித்தேன்.

ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"மொழியில இப்ப நடுக்காலத்துக்கு வந்திட்டன். முந்தி இருந்த வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்து போச்சி. ஆரு அடிச்ச, ஆரு அடி வாங்கின எண்டு வசனத்தில தெரியாது."

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

"செஞ்சவனுக்குத் தெரியுந்தானே."

என் இடம் வருமுன்பே, அக்கரைப்பற்றில் இறங்கிவிட்டேன்.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள் போனேன். அந்நிய ஆண் முகம் பார்க்காத இத்தாக் காலத்தில் இருந்த அவருடைய மனைவி திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் கொப்பியை நீட்டினார். கடைசிப் பக்கத்தில் அவருடைய மொழியில் மூன்றே சொற்கள்: 'நான்' என்ற சொல், அடுத்து என்னுடைய பெயர், பிறகு 'மன்னித்தல்'. உருபு ஒன்றும் இல்லை.

"என்னவாம் சேர்?"

"மன்னிச்சதாம்."

"ஆரு, ஆரெ?"

'நான் அவரை' என்று சொல்லியிருக்கலாம். இலக்கணம் இடம் கொடுத்தது; குற்றம் அவருடையதாகியிருக்கும்.

"அவர் என்னெ."

"அப்ப அந்தப் பெட்டிசம் போட்ட நீங்களா?"

"ஓம்."

"அவர் ஒருநாளும் பேர் சொல்லல்ல" என்றார். கொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை.

அது என்னிடம் இருக்கிறது. அவர் என்னை மன்னித்தார் என்றுதான் அந்த வரியை வாசிக்கிறேன். என் பெயரோடு 'ஐ' உருபை ஒட்டியது அவரல்ல, நான்தான் என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.