மஞ்சள் பூசிய எல்லைக்கல்

அயனம்பாக்கத்து நாகவல்லி, அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீனில் சோறு வடிப்பவள். மாமனார் காலம்வரை அந்தக் குடும்பத்துக்குக் கூலிப் பிழைப்புதான். ஒரு பிடி மண் சொந்தம் கிடையாது. அவர் கம்பெனி வேலைக்குப் போய், பழைய ஆண்டையிடமே வாங்கிய துண்டு நிலத்தில்தான் இப்போது அவள் வீடு நிற்கிறது.

பக்கத்து மனையை வாங்கியவர் சுவர் எழுப்ப வந்தார். அவளுடைய சமையற்கட்டு முழுக்கத் தன் இடம் என்றார். சர்வேயர் வந்தார்.

அளக்கப் பழைய கல் வேண்டும். ரயத்துவாரி என்று பேர் வைத்து, உழவன் ஒவ்வொருவனிடமும் நேராக வரி பிடுங்க வெள்ளைக்காரன் வயல் வயலாக அளந்து நட்ட கல். வயலே போன ஊரில் கல் எங்கே இருக்கும்? சிலது துணி துவைக்கப் போச்சு, மிச்சம் ரோட்டுக்கு அடியில் போச்சு. ஏரிக்கரையில் ஒன்று கிடைத்தது. இன்னொன்று இல்லாமல் கோடு இழுக்க முடியாது.

"கல்லு இல்லன்னா நான் இன்னாம்மா பண்றது?" என்றார் சர்வேயர்.

நாகவல்லி கொஞ்சம் தயங்கினாள். "தெருக்கோடில ஒரு அம்மன் கீது சார். அதப் பாருங்களேன்."

அந்த அம்மனை உண்டாக்கியவர் ராகவன். கும்பகோணத்துக்காரர், ஐ.டி. வேலை, தெருக்கோடி ஃபிளாட். குடிவந்த புதிதில் புல்லுக்குள் கிடந்த கல்லின் தலையில் மூன்று கோடு பார்த்தார். சூலம் என்று முடிவுகட்டி மஞ்சள் பூசிவிட்டார்.

"ஐய, அது சாமி இல்ல சார். வெள்ளக்காரன் நட்ட கல்லு. எங்க ஊட்டுக்காரரு ஆடு கட்டுவாரு அதுல," என்று அப்போதே தெருவே சிரிக்கும்படி சொன்னாள் நாகவல்லி.

மனுசன் கேட்கவில்லை. கால்வாய் தோண்ட வந்த ஜேசிபியைக்கூடக் குறுக்கே நின்று திருப்பி அனுப்பினார்.

இப்போது சர்வேயர் அந்த மஞ்சளைச் சுரண்டினார். சூலம் என்ற மூன்று கோடும் சர்க்கார் அம்புக்குறி. அங்கிருந்து அளந்துகொண்டே வந்தார். சமையற்கட்டு, சுவரோடு சேர்த்து, நாகவல்லி பக்கம் விழுந்தது. பக்கத்து மனைக்காரர் வண்டியை எடுத்தார்.

வரிக்கென்று நட்ட கல்லால் அவள் பாட்டன் பூட்டனுக்கு ஒரு நல்லதும் நடந்ததில்லை. அவளுக்கு நடந்தது. அதுவும் வெள்ளைக்காரன் புண்ணியத்தால் இல்லை.

அன்று சாயங்காலம் தூக்குச்சட்டியோடு போய் ராகவன் வீட்டு மணியை அடித்தாள்.

"மீன் கொழம்பு துன்னுவீங்களா சார்?"

"நான் சைவம்மா."

"தெரியும். சும்மா கேட்டேன். இது வத்தக்கொழம்பு."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"அடுப்பு இருக்கற எடம் எனுதுன்னு ஆயிப்போச்சு. மொதக் கொழம்பு ஒங்களுக்குத்தான்." படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "தூக்கு மெதுவா குடுங்க, அவசரமில்ல."