திகதி போடாத வெள்ளை இடம்

விம்பிள்டனில ஒரு பிரேம் கடையில கனகாலம் வேலை செய்தனான். எங்கட ஆக்கள் அங்க கூடுதலாச் செய்விக்கிறது அஞ்சலிப் படம்தான். கீழ வெள்ளை இடம் இருந்தால் அதில பிறப்பு, இறப்புத் திகதி வரும். அது கடை வழக்கம்.

ஒருநாள் புஷ்பா எண்டொரு மலேசியத் தமிழ் மனுசி பேப்பர்ச் சுருளோட வந்தா. மேல நாலு வரி சீன எழுத்து, கீழ முழுக்க வெள்ளை. "என் வீட்டுக்காரர் எழுதினது. அவர் சீனர்" எண்டா.

முதலாளி அண்ணை நிமிர்ந்தும் பாக்கேல்லை. "ரெண்டு திகதியையும் சொல்லுங்கோ தங்கச்சி."

"எந்தத் தேதி?"

"பிறந்தது, மோசம் போனது."

"அவர் இன்னும் இருக்காருங்க. சட்டன்ல, கடைசி நாளுக்கு வச்சுப் பாக்கிற ஹொஸ்பிஸ்ல."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அண்ணை, போய்த் தேத்தண்ணி போடுங்கோ!" எண்டு கத்திப்போட்டன்.

புஷ்பா கோவிக்கேல்லை. "கண் மூடறதுக்குள்ள இதைச் சுவத்துல பாக்கணுங்கிறார். இன்னைக்கே ஆகுமா?"

"ஏலும்" எண்டு உடன படத்தைச் சுத்தி வைக்கிற மவுண்ட் அட்டையை வெட்டத் துவங்கினன். கை ஓடினால் எனக்கு வாயும் ஓடும். "என்ன எழுதியிருக்கிறார்?"

"மலையில மழை விட்டிருச்சு. பாறை காயுது. அவ்வளவுதான்."

"பாட்டில ஒரு ஆளும் இல்லையோ?"

"அதான் உள்ளர்த்தம். அந்தக் காலத்துச் சீனப் பாட்டுல மலையை மட்டும் சொல்ற மாதிரி இருக்கும். ஆனா அதைப் பாக்கிற 'நான்' கரைஞ்சு மலையோட சேர்ந்திடும். மிச்சப் பாட்டு அந்த வெள்ளைதான். வெட்டிடாதீங்கக்கா."

பாடம் எடுக்கிற மாதிரிச் சொன்னா. குரல் ஆடேல்லை.

ஹொஸ்பிஸ் சுவரில மாட்டிக் குடுக்க நானும் கூடப் போனன். சட்டனுக்குப் போற ரெயில் லேட். அந்த ஆள் அதுக்குள்ள போயிடுவாரோ எண்டு எனக்குப் பயம். பிரேமைக் கட்டிப்பிடிச்சபடி பிளாட்போமில அங்கையும் இங்கையும் நடக்கிறன். அவ பெஞ்சில அசையாமல் இருக்கிறா. என்ன மனுசியப்பா எண்டு எரிச்சலாயும் கிடந்தது.

நல்லகாலம், அவர் முழிச்சிருந்தார். கட்டிலுக்கு நேர மாட்டினன். எழுத்தை ஒருக்காப் பாத்தார். வெள்ளையைக் கனநேரம் பாத்தார். லேசாச் சிரிச்சுப்போட்டு நித்திரையாகிட்டார்.

வெளிய வந்ததும் புஷ்பா சுவரோட சாய்ஞ்சு குலுங்கிக் குலுங்கி அழுதா. "பாட்டு புரியுதுக்கா. அவரை விடத்தான் முடியல."

நானும் அழுதன்.

புதுசா வேலைக்கு வாற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். கவுண்டரில அமைதியாக் கதைக்கிற ஆளுக்கு உள்ளுக்கும் அமைதி எண்டு நம்பிப்போடாதேங்கோ.