பகல் வெயிலில் ஆட்டிய மாவு

“...தலையைச் சொறியாமச் சொல்லும், மாட்டுங்கா லைன்ல என்ன சொன்னாவ? புளிச்சிருந்துச்சா, இல்லையா?”

மதினி கேட்டது என் அண்ணனிடம். அவன் அப்போதுதான் இட்லி விற்றுவிட்டு வந்து, சைக்கிளில் கட்டியிருந்த அலுமினியப் பாத்திரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மதினி வாசலில் குத்தவைத்திருந்தாள். முன்னால் காலி டப், பக்கத்தில் அரிசி மூட்டை, கையில் படி. நான் கூரைமேல் சோலார் பேனலைத் துடைத்துவிட்டு ஏணியில் பாதி இறங்கியவன் அங்கேயே நின்றுவிட்டேன். அண்ணன் சொல்லப்போகும் பதிலை வைத்துத்தான் மதினி அந்தப் படியை மூட்டைக்குள் விடுவதும் விடாததும். அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தாராவியில் எங்கள் சந்தில் பாதி வீடு இட்லி வீடு, பாதி வீடு பை தைக்கும் வீடு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் பை தைக்கிற மிஷின்கள் எல்லாம் காலை முதல் இரவு வரை ஓடும். சந்துக்கு வருவது ஒரே ஒரு கேபிள். அத்தனை மிஷினும் அதில்தான் உறிஞ்ச வேண்டும். வீட்டில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், ஆனால் கிரைண்டர் மட்டும் முனகிக்கொண்டே நிற்கும். “கரண்டு இருக்கு தம்பி, ஆனா காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு” என்பாள் மதினி. வோல்டேஜ் குறைவு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் குர்லாவில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுகிறவன். அந்தக் கிரைண்டரின் காயில் கருகி, நானே இரண்டு தடவை சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பாதி அரைபட்ட உளுந்தில் இட்லி எப்படி வரும்? கல் மாதிரி வந்தது. மாட்டுங்காவில் அண்ணன் பல வருஷமாகப் போகிற லைன் அது. இந்த மாடி, அந்த மாடி என்று ஹாரன் சத்தம் கேட்டே தட்டோடு இறங்கி வருகிற ஆட்கள். அதே தெருமுனையில் இன்னொரு இட்லிக்காரர் புதிதாக நிற்க ஆரம்பித்திருந்தார். அண்ணனின் வாடிக்கைக்காரர் ஒருவர், “நாளைக்கும் இப்படித்தான்னா சொல்லிடுப்பா, நாங்க அவர்கிட்ட வாங்கிக்கறோம்” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். திட்டியிருந்தால்கூட அண்ணன் தூங்கியிருப்பான். அந்த மரியாதை அவனைத் தூங்கவிடவில்லை.

தகரக் கூரைக்கு அடியில் மேமாத மத்தியானம் எப்படி இருக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு மத்தியானம் மதினி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே பார்த்தாள். “இம்புட்டு வெயிலு தலைக்கு மேல சும்மா கெடக்கு. அதப் புடிச்சுக் கிரைண்டருக்குக் குடுக்க முடியாதா? நீ மோட்டாருக்காரன்தானே?”

எனக்கு மோட்டார் தெரியும், சோலார் தெரியாது. குர்லாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கேட்டதற்கெல்லாம் “சப் சலேகா பாய்” என்றார்கள். எல்லாம் ஓடும் என்று சொல்கிறவனிடம் எது ஓடாது என்று கேட்க முடியவில்லை. கடைசியில் பட்டறைக்கு மோட்டார் கொண்டுவரும் ஒருவர் மூலம் சான்பாடாவில் இருக்கும் ஒரு ஃபிட்டர் கிடைத்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு எங்கள் சந்துக்கு வந்து, ஒரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“ரெண்டு மூணு வகை உண்டு, அண்ணாச்சி. ஒண்ணு, கரண்டு கம்பெனி லைனோட சேர்ந்து ஓடுறது. பகல்ல மிஞ்சுனதைக் கம்பெனிக்கே குடுத்துட்டு பில்லுல கழிச்சுக்கிடலாம். செம்பூர்ல அப்பார்ட்மென்ட் சொசைட்டிக்காரங்க மொட்டை மாடி பூரா போட்டு வச்சிருக்காங்களே, அது. ஆனா லைன் படுத்தா அதுவும் கூடவே படுத்துக்கிடும்.”

“அது எதுக்குப் படுக்கணும்? வெயில்தான் இருக்கே” என்றான் அண்ணன்.

“கம்பத்துல ஏறி ஒருத்தன் வேலை பாத்துக்கிட்டிருப்பான். உங்க கூரையில இருந்து கரண்டு போயி அவனை அடிச்சா? அதுக்குத்தான். வோல்டேஜ் ரொம்ப இறங்கினாலும் நின்னுபோகும். உங்க நோவே வோல்டேஜ்தானே, அதனால இது உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது தனியா நிக்கிற வகை. பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர். பேனல் சோறாக்குற அடுப்பு. பேட்டரி சோத்துப் பானை. இன்வெர்ட்டர் பந்தியில பரிமாறுற ஆளு.”

“பரிமாறுத ஆளு சொங்கியா இருந்தா?” என்று மதினி உள்ளேயிருந்து கேட்டாள்.

ஃபிட்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தக் கேள்வியை அப்போதே பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் மாவு தப்பித்திருக்கும்.

கிரைண்டர் மோட்டாரில் எழுதியிருந்த வாட் கணக்கைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு இன்வெர்ட்டரை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார். கூரைத் தகரத்தின் மேல் கனம் வைக்கக் கூடாது என்று, சுவரில் இரும்புச் சட்டம் அடித்து இரண்டு பேனலைத் தெற்கே சாய்த்து நிறுத்தினார். அரிசி போட்டு ஓட்டிப் பார்ப்போம் என்றார். மதினி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். “சாப்பாட்டுச் சாமானை வச்சு வெள்ளோட்டம் பாக்கப்பிடாது. சும்மா ஓட்டிப் பாருங்க.” எங்கள் வீடுகளில் இது ஒரு பிடிவாதம். புது அடுப்பானாலும் முதலில் வெறும் தண்ணீர்தான். சும்மா ஓட்டினோம். கிரைண்டர் ஜம்மென்று சுற்றியது. அண்ணன் பக்கத்து வீட்டுக்கு லட்டு கொடுத்தான்.

மறுநாள் உளுந்து போட்டாள். பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மதினி எப்போதும் செய்கிற மாதிரி கிரைண்டரை நிறுத்தி, ஓரத்தில் ஒட்டிய மாவைக் கையால் வழித்து நடுவில் தள்ளினாள். மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். இன்வெர்ட்டர் கீயென்று ஒரு கத்துக் கத்திவிட்டு அணைந்தது. எத்தனை தடவை போட்டாலும் அதே கத்து.

போனில் ஃபிட்டர் கேட்டார்: “நடுவுல நிறுத்துவீங்களா?”

“நிறுத்தாம எப்படி வழிக்க? வளையல் போட்ட கையை ஓடுத கல்லுக்குள்ள விடச் சொல்லுதீரா?”

“நீங்க சொல்லலியே அக்கா.”

“நீரு கேக்கலியே.”

மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பது தினமும் காயில் சுற்றுகிற எனக்குத் தெரியும். ஆனால் வெறும் கல்லோடு கிளம்புவது வேறு, கெட்டி மாவோடு கிளம்புவது வேறு என்று யோசிக்கவில்லை. அன்றைக்குப் புரிந்தது எனக்கு இன்றும் உதவுகிறது: மோட்டார் எத்தனை பாரத்தோடு கிளம்பும் என்று பார்த்து இன்வெர்ட்டர் எடுக்க வேண்டும், வெயில் இல்லாமல் எத்தனை நேரம் ஓட வேண்டும் என்று பார்த்துப் பேட்டரி, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு வேலை என்று பார்த்துப் பேனல். கடைக்காரர்கள் பேனலிலிருந்து தொடங்குவார்கள். நாம் நம் வீட்டு வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்வெர்ட்டரை மாற்றிப் பெரியது எடுத்தோம். சிக்கல் பேட்டரியில் வந்தது. மதினி ஆட்டுவது சாயங்காலம். மூன்று மணிக்கு மேல் எதிரே எழும்பியிருக்கும் அடுக்குமாடி டவரின் நிழல் எங்கள் கூரையில் ஏறிவிடும். ஆக, ஆட்டுகிற நேரம் முழுவதும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய பேட்டரி இரண்டு வேண்டும், ஆசிட் பேட்டரி என்றால் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும் என்றார் ஃபிட்டர். லித்தியம் என்றால் இடம் குறையும், ஆனால் எங்கள் கைக்கு எட்டாது.

“எங்கன வைக்க?” என்றாள் மதினி. ஒரே அறை. மேலே ஏணி வைத்து ஏறும் பரண். கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை. “அரிசிய வெளிய வச்சிட்டு ஆசிட்ட உள்ள வைக்கவா?”

ஃபிட்டர் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அப்போது மதினி டவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். “வெயிலு சாயங்காலம் வராது. அப்ப நான்தான் பகலுக்குப் போகணும். மத்தியானமே ஆட்டிருதேன்.”

“அப்படின்னா சின்னப் பேட்டரி ஒண்ணு போதும்” என்றார் ஃபிட்டர் உடனே. “மேகம் குறுக்க வந்தா தாங்கிக்கிடும். மத்தபடி பேனல் குடுக்கறத நேரா கிரைண்டர் சாப்பிடும்.”

“மே மாசத்துல மத்தியானம் ஆட்டுன மாவு விடியக்காலையில எப்படியிருக்கும்னு தெரியுமாவே?” என்றான் அண்ணன். “மாட்டுங்காக்காரன் மோந்து பாத்துட்டே கதவச் சாத்திருவான்.”

அவன் சொன்னது சரிதான். முதல் நாள் மத்தியானம் ஆட்டியதை விற்கவில்லை. நாங்களே சாப்பிட்டோம். ஃபிட்டருக்கும் கொடுத்தோம். அவர் சர்க்கரை கேட்டார். மதினி பொங்கவில்லை. ஒரு இட்லியைப் பிட்டுப் பார்த்து, “கல்லுல சூடு, காத்துல சூடு. அது என்ன பண்ணும் பாவம்” என்று மாவுக்காக இரக்கப்பட்டாள்.

மறுநாள் அவள் சயான் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கிவந்தாள்.

“மீன் ஐஸா!” என்று அண்ணன் குதித்தான். “ஏட்டி, சைவ லைனுடி அது!”

“மாவுக்குள்ளயா போடுதேன்? மீனு வரதுக்கு முன்னால வாங்குன ஐஸு. பாத்திரத்துக்கு வெளியதான நிக்கும். நீரு பாத்திரத்தயா விக்கப்போறீரு?”

ஆட்டும்போது ஊற்றவும் ஃப்ரிட்ஜ் தண்ணீர், பாட்டில் பாட்டிலாகப் பக்கத்து வீட்டிலிருந்து. உச்சி வெயிலில் பேனல் தகதகத்தது. சந்தில் பை மிஷின்கள் அத்தனையும் ஓட, எங்கள் கிரைண்டரும் ஓடியது. நடுவில் நிறுத்தினாள், வழித்தாள், போட்டாள். இன்வெர்ட்டர் ஒரு நொடி முக்கியது. பிறகு கல் சுற்றியது. மதினி என்னைப் பார்த்து, “பரிமாறுத ஆளு பரவாயில்ல” என்றாள். மாவுப் பாத்திரத்தை மூடி, ஐஸ் நிறைந்த பெரிய டப்புக்குள் இறக்கி, ஈரச்சாக்கைச் சுற்றினாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் வெளியே எடுத்தாள்.

அந்த மாவில் ஊற்றிய இட்லியைத்தான் அண்ணன் அன்று காலை மாட்டுங்காவுக்குக் கொண்டுபோயிருந்தான். மத்தியானம் ஆட்ட வேண்டுமென்றால் அரிசியை இப்போதே ஊறப்போட வேண்டும். தாமதித்தால் ஆட்டி முடிப்பதற்குள் டவர் நிழல் வந்துவிடும். புளித்திருந்தால் ஊறப்போட்டுப் பலனில்லை, பழையபடி சாயங்காலக் கரண்டுக்குக் கையேந்த வேண்டியதுதான். ஏணியில் நின்ற எனக்குக் கால் கடுத்தது.

அண்ணன் பாத்திரத்தை இறக்கி வைத்தான். “அந்த மரியாதைக்காரர் இருக்காருல்ல, அவரு ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லலியா?”

“தட்ட எடுத்துட்டு மேல போனாரு. நானும் கிளம்பிட்டேன். திரும்பப் படியிறங்கி ஓடி வந்து ஹேண்டில்பாரப் புடிச்சாரு. நான் செத்தேன்னு நெனச்சேன்.” அண்ணன் பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டினான். அடியில் ஈரத்துணி மட்டும் கிடந்தது. “இன்னும் ஒரு தட்டு வேணும்னுட்டாரு.”

மதினி எதிர் டவரை எட்ட வெயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை பார்த்தாள். படியை மூட்டைக்குள் விட்டு, கோபுரமாக அள்ளி, டப்பில் கொட்டினாள்.