கிளுவையாத்தா மாடி ஏறினாள்

ஓர் ஆலமரத்தையே டிபன் கேரியரில் வைத்து டவுன் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதர் இந்தத் திருப்பூரில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் மாப்பிள்ளை ஆறுச்சாமி. சரி, கொஞ்சம் மிகையாகத்தான் சொல்லிவிட்டேன். ஆலமரமல்ல, ஆல் ஜாதியில் சின்னதான கல்லிச்சி. மரமுமல்ல, கன்று. இடிக்கப் போகிற ஒரு குடோன் சுவரில் முளைத்திருந்தது. ஆனால் டிபன் கேரியர் சத்தியம். தயிர்ச்சோற்றை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு அந்த அடுக்கில்தான் வேரைச் சுற்றி வைத்தார். சாயங்காலம் பாத்திரம் கழுவத் திறந்த அவர் மனைவி, என் மகள் வயிற்றுப் பேத்தி அன்புசெல்வி, போட்ட கூச்சல் பல்லடம் வரைக்கும் கேட்டது. சரி, அவ்வளவு தூரமில்லை, பக்கத்து வீரபாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து அவர் மிஷினை ஓட்டினால் கழுத்து தனியாக, கை தனியாக வந்து விழும். கம்பெனியில் அவருக்கு இருக்கிற ஒரே கவலை, துவைத்தால் துணி சுருங்கிவிடுமோ என்பது. வீட்டில் இருக்கிற ஒரே கவலை, மரம் சுருங்க மாட்டேன் என்கிறதே என்பது. ஞாயிறானால் போதும், பாழுங்கிணறு, பாலத்து இடுக்கு, அகலப்படுத்துகிற ரோட்டோரம் என்று சுற்றுவார். வெட்டுப்படப் போகிற நாட்டு மரமாகப் பார்த்து, வேரோடு பெயர்த்து வந்து தட்டில் நட்டு போன்சாய் ஆக்குவார். மொட்டைமாடி முழுக்க இச்சி, விளா, உசில், புளி. பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் எஸ், எம், எல் என்று சைஸ் வேறு ஒட்டி வைத்திருந்தார்.

அன்புசெல்விக்கு மரத்தின் மேல் பகை கிடையாது. மிளகாய் காயப்போட இடமில்லை, அவ்வளவுதான்.

“ஏனுங்க, காட்டுல இருக்கற மரமெல்லாம் மாடிக்கு வந்துட்டா, என்ற மொளகாய நான் காட்டுல கொண்டுபோயி காயப் போடறதுங்களா? இன்னொரு செடி படியேறுச்சுன்னா நான் படியெறங்கிருவேன், ஆமா!”

மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே புளிக்குத் தண்ணீர் விட்டார். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் இரண்டு பேரும் குண்டடம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பந்திக்கு நேரமிருந்ததால் மாப்பிள்ளை காலாற நடந்தார். சுப்பண்ணன் என்கிற பெரியவரின் கொரங்காடு அங்கே இருந்தது. ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்ட புல்காடு. சுற்றிலும் கிளுவை வேலி. வேலி மூலையில் ஒரு கிளுவை நின்றது. எத்தனை தலைமுறை ஆடுகள் கடித்தனவோ, முழங்காலுக்கு மேல் வளராமல், அடிமரம் மட்டும் உரல் மாதிரி பருத்து, தோல் தாள்தாளாக உரிந்து, உள்ளே பச்சை மினுங்க நின்றது. மாப்பிள்ளை அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட வந்த அன்புசெல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். இதுவும் படியேறப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வேலி முள்ளப் போயி, பொண்ணுப் பாக்க வந்தவராட்டப் பாக்கறீங்களே தம்பி!” என்று சிரித்தார் சுப்பண்ணன். “வேணும்னா எடுத்துக்கங்க. எப்பிடியும் கரண்டு காத்தாடிக்கு ரோடு இந்த மூலையிலதான் வருது. எறக்கைய ஏத்திட்டு வர்ற லாரி வளையாதாமா. ஜேசிபி வந்தா இது மண்ணோட மண்ணுதான்.”

மாப்பிள்ளை அப்போதே வேட்டியை மடித்துக் கட்டினார். மழை பிடிப்பதற்கு முன், இலையில்லாமல் தூங்குகிறபோதே பெயர்த்தால்தான் கிளுவை பிழைக்கும். ஆனால் பட்டுவேட்டி கட்டி வந்தவர் கடப்பாரைக்கு எங்கே போவார்? அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி, அடையாளத்துக்காகப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பனியன் துணித் துண்டை எடுத்துக் கிளையில் கட்டினார். கட்டிங் மாஸ்டர் பையில் கைக்குட்டை இல்லாமல் இருக்கலாம், வேஸ்ட் துணி இல்லாமல் இருக்காது.

அங்கேதான் சறுக்கினார். எங்கள் பக்கத்தில் மரத்தில் துணி கட்டுவது சுலபம். கட்டிவிட்டு அதை வெறும் மரம் என்று சொல்வதுதான் கஷ்டம்.

நடுவில் ஒருநாள் மறுவிருந்துக்கு அன்புசெல்வி மட்டும் குண்டடம் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கடப்பாரையும் கோணிப்பையுமாகப் போய் இறங்கினால், வேலி மூலையில் பொங்கல் கொதிக்கிறது. கிளுவையின் அடியில் மூன்று கல், கல்லில் குங்குமம். கிளையில் மஞ்சள் துணி.

“செருப்பக் கழட்டிட்டு வா சாமி,” என்றார் சுப்பண்ணனின் மனைவி தெய்வாத்தாள். “ஆத்தா வந்து உக்காந்துட்டா. கிளுவையாத்தா.”

“அம்மா, அந்தத் துணிய நாந்தானுங்க கட்டுனேன்! கம்பெனி வேஸ்ட்டுங்க!”

“நீ கட்டுனது என்ன நெறம் கண்ணு?”

“வெள்ளைங்க.”

“இது என்ன நெறம்?”

“மஞ்ச... மஞ்சளுங்க.”

“அப்பறம் என்ன, நீயே சொல்லிப்போட்டியே!”

சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை துணியைத் தடவிப் பார்த்தார். சாயம் போகிற துணியை எத்தனையோ பார்த்திருக்கிறார். தானாகச் சாயம் ஏறுகிற துணியை இப்போதுதான் பார்க்கிறார். மண் படாத கடப்பாரையோடு வீடு திரும்பியவருக்குச் சோறு இறங்கவில்லை. அன்புசெல்வி, “உடுங்க, சாமி காரியம்,” என்று ஆறுதல் சொல்லி, கேட்காமலே இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

சித்திரை முடிவதற்குள்ளேயே ஜேசிபி வந்துவிட்டது. பெண்கள் அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ரோடு போடவந்த இன்ஜினியர் சுரேந்தர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா, லாரி திரும்பறதுக்கு எடமே இல்லீங்க. சாமி சித்தெ அக்கட்டால தள்ளி உக்காரக் கூடாதுங்களா?”

“தள்ளி உக்காருன்னு நாம சொல்ல முடியுமா? கேட்டுத்தான் பாக்கோணும்,” என்றார் தெய்வாத்தாள்.

சுப்பண்ணன் உடனே போன் போட்டார். “தம்பி, கடப்பாரையோட வாங்க. பூக் கேக்கறாங்க. வெள்ளைப்பூ வந்தா ஆத்தா உங்க ஊட்டுக்கு எடம் மாறுவா. செவப்பு வந்தா அங்கயேதான். அப்பறம் எப்ப அசந்தாலும் ஜேசிபிக்காரன் ஒரே தள்ளாத் தள்ளிருவான். மழ வேற கட்டிட்டு நிக்குது, பாத்துக்கங்க.”

அன்புசெல்வி தானும் வருவதாக வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கிளுவையடியில் போட்டார்கள். ஒரு பெண்குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார். கடப்பாரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குழந்தை ஒன்றைத் தொட்டது, விட்டது, மற்றதை எடுத்தது. தெய்வாத்தாள் பிரித்தார்.

வெள்ளை.

“செரி, ஆத்தா வர்றேன்னுட்டா. தெனமும் வெளக்கு வெக்கோணும், வெள்ளிக்கெளம பொங்கல் வெக்கோணும். யாரு வெக்கறது?”

எல்லோரும் அன்புசெல்வியைப் பார்த்தார்கள். “வெக்கறேனுங்க,” என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மாப்பிள்ளை வெறுங்காலோடு தோண்டினார். வேர்மண் உதிராமல் நனைத்த பனியன் துணியில் சுற்றி, மினி ஆட்டோவில் ஏற்றினார். முன்னால் தப்பட்டை முழங்க, ஆத்தா புறப்பட்டாள். எதிரே வந்த காற்றாடி இறக்கை லாரியே ஒதுங்கி வழிவிட்டது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், சொல்லவில்லை.

மாடியில் ஆத்தாவுக்கு மட்டும் சைஸ் ஒட்டவில்லை. நல்ல வெயில் விழுகிற மூலை அவளுக்கு. மிளகாய்க்கென்று மிச்சமிருந்த ஒரே மூலையும் அதுதான். நாள் போயிற்று, துளிர் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை காலையில் பல் விளக்குமுன் மாடிக்குப் போய், தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்த வீட்டு ராமுத்தாய், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவள், வாசலிலிருந்தே விசாரிப்பாள்: “ஏளா அன்பு, ஆத்தா கண்ணு முழிச்சாளா?”

ஒரு மழை கழிந்து ஆத்தா கண் விழித்தாள். கிளை நுனியில் எறும்புத் தலையளவு பச்சை. மாப்பிள்ளை அன்றைக்குக் கம்பெனிக்கே மிட்டாய் கொடுத்தார்.

பிறகு கிளைகள் நாலாபக்கமும் ஓடின. மாப்பிள்ளைக்குக் கை அரித்தது. கத்தரியை எடுத்தால் அன்புசெல்வி குறுக்கே நிற்பாள்: “சாமி மேல கத்தி வெப்பீங்களா?” கடைசியில் தெய்வாத்தாளிடமே போனில் கேட்டார்.

“இதென்ன கேள்வி கண்ணு? கொளந்தைக்கு மொட்ட அடிக்கறதில்லியா? ஆடில முடி எறக்கு.”

அன்றிலிருந்து ஆடி முதல் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விரதமிருந்து, கற்பூரம் காட்டித்தான் கவாத்து.

வெள்ளைத்துணி மஞ்சளானதற்கு மட்டும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அது தெய்வச் செயல் என்றே இந்தக் கதையை எழுதி முடித்து, மாடிப்படியில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அன்புசெல்விக்குப் படித்துக் காட்டினேன்.

“அப்பிடியே போட்றாதீங்க அம்மாயி,” என்றாள். “மறுவிருந்துக்குப் போனப்ப அந்தத் துணிய அவுத்து மஞ்சத்தண்ணில முக்கிக் கட்டுனது நானு. கல்லு வெச்சதும் நானு. சாமியாக்கிப்போட்டா தோண்டமாட்டாருன்னு நெனச்சேன். வேலில போன ஓணான எடுத்து மடில கட்டிக்கிட்டேன். பூக் கேக்கறப்பக்கூட செவப்பு வரோணும்னு வேண்டிட்டுத்தானுங்க நின்னேன். அந்த மனுசன் கண்ண மூடிட்டுக் கடப்பாரையக் கட்டிப்புடிச்சுட்டு நின்னதப் பாத்ததும் சட்டுனு வெள்ளைன்னு மாத்தி வேண்டிப்போட்டேன். அங்கதானுங்க என்ற மொளகாய்க்கு எடம் போச்சு.”