மூன்றாம் மாடியார் பாலம் கடந்த கதை

ஓல்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் மேரிசெலின் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறாள். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவள், வயது முப்பத்தொன்பது. அந்த மாடியில் இருக்கும் ஒன்பது பேரும் டென்மார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவரும் ஊரைவிட்டு ஓடி அறியார்.

அவர்களில் அக்ஸெலுக்கு எண்பத்தாறு வயது. பல்கலைக்கழகத்தில் நாற்பது வருடம் பழைய ஏற்பாடு படிப்பித்தவர். கால் ஏலாதே தவிர வாய்க்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மேரிசெலின் அவருக்கு இறுக்கக் காலுறை மாட்டிவிடும் பத்து நிமிடமும் அவருக்கு வகுப்புத்தான்.

"எருசலேம் எரிஞ்சுபோச்சு, கோவிலும் போச்சு. சனத்தைப் பாபிலோனுக்குக் கொண்டு போயிட்டாங்கள்," என்றார் ஆடி மாதத்தில் ஒருநாள். "அங்க பிறந்த பிள்ளையள் எருசலேமைக் கண்ணாலும் காணேல்லை. ஆனா 'எங்கட கோவில், எங்கட தெரு' எண்டு அழுதுதுகள். அப்பிடி அழுதழுதுதான் அந்தச் சனம் யூதர் ஆனது."

"எங்களுக்கும் ஒரு நாள் இருக்கு," என்று மேரிசெலின் மற்றக் காலை எடுத்தாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதி, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணச் சனமெல்லாம் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததைச் சொன்னாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சைக்கிள் கரியரில் தையல் மெஷினின் தலையைக் கட்டி உருட்டி வந்ததையும், யாரோ தோளில் காவி வந்த சுவர் மணிக்கூடு நெரிசலுக்குள்ளே மணிக்கு ஒருதரம் அடித்ததையும், சனம் அதைத் திட்டியதையும் சொன்னாள்.

அக்ஸெல் அதை மத்தியானச் சாப்பாட்டில் மற்றவர்களுக்குச் சொன்னார். விரிவுரைப் பழக்கத்தில் 'நாங்கள்' என்று சொன்னார். அதுதான் பிழையாய்ப் போனது.

புரட்டாதி பிறந்தபோது, யோறிங்கில் கம்பளிநூல் கடை வைத்திருந்த இங்கா, பாலத்து மழையில் தன் சப்பாத்து பழுதானது என்று கோப்பி மேசையில் சொன்னாள். உழவு இயந்திரம் விற்ற ஸ்வென், மணிக்கூட்டைத் தானே காவியதாகச் சொன்னார். இல்லை, தான்தான் காவியது என்றாள் இங்கா. இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டார்கள். ஒரு கிழமைக்குள் சாப்பாட்டு மேசை இரண்டானது. ஸ்வெனின் மேசையில் நாலு பேர், இங்காவின் மேசையில் நாலு பேர். அக்ஸெல் நாளுக்கொரு மேசையில் இருந்து குறிப்பு எழுதினார்.

"பாபிலோனில ஐம்பது வருசம் எடுத்தது," என்றார் மேரிசெலினிடம். "இஞ்ச ரெண்டு மாசத்தில முடிஞ்சுது."

இங்காவின் மகள் லோனெ அம்மாவைப் பார்க்க வந்தபோது, "உனக்கு அப்ப மூண்டு வயசு. தோளில வைச்சுக்கொண்டு பாலத்தைக் கடந்தனான்," என்றாள் இங்கா. தொண்ணூற்றைந்தில் லோனெ முப்பத்திரண்டு வயதில் வங்கியில் வேலை செய்துகொண்டிருந்தவள். அன்றைக்கே நிர்வாகிக்கு முறைப்பாடு எழுதினாள்.

நிர்வாகி பியா மேரிசெலினைக் கூப்பிட்டாள்.

"இங்கா அந்தப் பாலத்தைக் கடந்தவவோ?"

"இல்லை."

"ஸ்வென்?"

"இல்லை."

"அப்ப ஆர் கடந்தது?"

"நான்."

பியா யோசித்தாள். உண்மையில் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிச் சாப்பாட்டறையில் ஒட்டினால் பிரச்சினை தீரும் என்றாள். யார் யார் நடந்தார்கள், யார் எதைக் காவினார்கள் என்று ஒழுங்காக வரவேண்டும்.

பிழை விடக்கூடாதென்று மேரிசெலின், டோஸ்ட்ருப்பில் இருக்கும் அக்கா தங்கமலருக்குப் போன் எடுத்தாள்.

"நீ எங்க பாலத்தில நிண்டனி?" என்றாள் அக்கா. "உனக்குக் காய்ச்சல். முதல் நாளே சித்தப்பாவின்ர வானில சாவகச்சேரிக்கு ஏத்தி விட்டது. மெஷினை உருட்டினது நான். முழங்காலில அடையாளம் இன்னும் கிடக்கு."

"அப்ப எனக்கு ஏன் மழை ஞாபகம் இருக்கு? சைக்கிளின்ர பாரம் கையில தெரியுது, அக்கா."

"நாங்கள் முப்பது வருசமா அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறம்."

"நான் எங்க இருந்தனான்?"

"அங்க ஒரு பள்ளிக்கூட விறாந்தையில. நாங்கள் வந்து சேர ரெண்டு நாள். வந்தாப்பிறகு நீ ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

போனை வைத்த பிறகும் மேரிசெலின் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தாள். அந்த விறாந்தை அவளுக்குத் துளியும் ஞாபகம் வரவில்லை. பாலம் மட்டும் வந்தது, மழையோடு, முழுசாக.

மறுநாள் காலுறை மாட்டும்போது அக்ஸெலிடம் சொன்னாள். அவர் வழக்கமாகச் சந்தோஷப்படும் செய்தி. ஆனால் அவர் குறிப்புப் புத்தகத்தை எடுக்கவில்லை. "அப்ப நீயும் பாபிலோனில பிறந்தவள்தான்," என்றார்.

பியா கேட்ட பக்கத்தை அவள் எழுதவில்லை. பியாவும் பிறகு கேட்கவில்லை, ஏனென்றால் ஒக்டோபர் முப்பதாம் திகதி மூன்றாம் மாடி முழுக்க மழையுடுப்புப் போட்டுக்கொண்டு லிப்ட் வாசலில் வந்து நின்றது. நடைவண்டி தள்ளுகிறவர்கள் முன்னுக்கு, சக்கர நாற்காலிகள் பின்னுக்கு. மறிக்க ஆள் போதவில்லை. அன்று வந்திருந்த லோனெ, தாயின் நாற்காலியைத் தள்ளும்படி ஆயிற்று.

கார் நிறுத்துமிடத்தை மூன்று தரம் சுற்றினார்கள். தூறல் விடவில்லை. மேரிசெலின் இங்காவின் பக்கத்தில் நடந்தாள். இரண்டாம் சுற்றில் குனிந்து சொன்னாள்.

"இங்கா, நான் அந்தப் பாலத்தில நிக்கேல்லை."

இங்கா நிமிர்ந்து பார்த்தாள். "நிண்டனி. எனக்குப் பின்னால மெஷினை உருட்டிக்கொண்டு வந்தனி. நான் கண்டனான்."

"ஓம்," என்றாள் லோனெ. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே வந்து கோப்பி குடித்தார்கள். பியா கணினியில் 'வெளிநடை, நாற்பது நிமிடம், ஒன்பது பேர்' என்று பதிந்தாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மேரிசெலின் திரும்பவும் டோஸ்ட்ருப்புக்குப் போன் எடுத்தாள். "அக்கா, அந்த ரெண்டு நாளும் விறாந்தையில நான் என்ன செய்தனான்? அதைக் கொஞ்சம் சொல்லன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் தங்கமலர். "நான் பாலத்தில எல்லோ நிண்டனான்."