அம்மா வாயைப் பார்த்து வரைந்த படம்

நாலு வருடத்துக்கு முன்னால் நடந்தது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். என் வகுப்பில் நோட்டு பளிச்சென்று இருக்கவேண்டும். கிறுக்கலைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அன்றைக்குப் பற்கள் பாடம். வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், நாக்கு, அண்ணம் எல்லாம் போர்டில் வரைந்து காட்டினேன். வீட்டில் யாராவது பெரியவர்களை வாயைத் திறக்கச் சொல்லி, பல்லை எண்ணிப் படம் வரைந்து வாருங்கள் என்றேன். மறுநாள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்து முப்பத்திரண்டு போட்டு வந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் இருபத்தேழு போட்டிருந்தாள். கீழ்க் கடைவாய்ப்பல்லை ஒட்டி, கன்னத்தின் உள்பக்கம், வெள்ளையாக ஒரு படை. அதைச் சுற்றிச் சிவப்பு வண்ணம்.

"இன்னாடி இது, மாவு கொட்டின மாதிரி?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"எங்கம்மா வாயில அப்பிடித்தான் கீது மிஸ். வெத்தல போயில அடக்கிக்கினு இருக்குமே, அந்த எடம்."

"புக்குல இருக்கிற மாதிரி போட்டுக்கினு வா, போ" என்று படத்தின் குறுக்கே கோடு இழுத்தேன். அடுத்த நாள் முப்பத்திரண்டு பல்லோடு, அந்தப் படையே இல்லாமல் அழகாக வரைந்து வந்தாள். 'நன்று' என்று எழுதினேன், பாவி.

ஏழு மாதம் கழித்து அவள் அம்மாவைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். நடவு, களை என்று கூலிக்குப் போகிறவர். எலும்பும் தோலுமாக, முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு நின்றார். வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை.

"சூட்டுக் கொப்புளம் மிஸ். கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது."

அந்தப் படம் அப்படியே கண்முன்னால் வந்தது. கையோடு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்றார். ஒரு மாசம் இருக்கும் என்றார் அந்த அம்மா. "இல்ல டாக்டர், ஏழு மாசம் ஆச்சு" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். டாக்டருக்கு வந்ததே கோபம்!

"ஏழு மாசமா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க? அப்பவே வந்திருந்தா சின்னதா வெட்டி எடுத்திருக்கலாமே!"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்கு விழவேண்டிய ஏச்சு. நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார், "ஒங்களுக்கு எப்பிடி மிஸ் தெரியும்?"

"உங்க பொண்ணு சொல்லிச்சு" என்றேன்.

"அது சின்னப் புள்ள. அதுக்கு இன்னா மிஸ் தெரியும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புற்று. தாடையில் பாதியை எடுத்தார்கள். அப்படியும் அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "வணக்கம் மிஸ்" என்கிறாள். உனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.