ஜலஜா கிடர்பூரில் வாங்கிய மூக்கு

இல்லை, மீனாக்ஷி சொல்வது தப்பு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காகப் புருஷனை விட்டுவிட்டுப் போனாள் என்று பால் பூத் வரிசையில் நின்றுகொண்டு சொன்னாளாம். அவள் குடியிருப்பது கீழ்த்தளம், ஜலஜா இருந்தது மூன்றாம் மாடி. மேலே நடப்பது படியிறங்கிக் கீழே வந்து சேர்வதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடுகிறது. குடிக்கிற புருஷனை அனுசரிக்கத் தெரியாதவள் என்று ஒரு கதை. ஐம்பது வயதில் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னொரு கதை. திமிர் பிடித்தவள் என்பது மூன்றாவது. திமிர் கொஞ்சம் உண்டுதான், அதை மறுப்பானேன். கத்தரிக்காய் வாங்கப் போனால் கூடையையே கவிழ்த்துப் பார்க்கிறவள். ஆனால் டப்பாவுக்காகப் போனாள் என்பது பொய். நடந்ததை நடந்தபடி கேட்டுக்கொண்டு, அப்புறம் பேசட்டும்.

ஜலஜா கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்தவள். அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. எழுபத்தெட்டில் வெங்கடராமனைக் கல்யாணம் செய்துகொண்டு கல்கத்தாவில் பாலிகஞ்சுக்கு வந்தாள். அவர் பேங்க் ஆபீசர், மடிப்புக் கலையாத சட்டை, அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அதற்காக இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சாயங்காலமானால் மொட்டை மாடியில் சீட்டாட்டமும் சிரிப்புமாகத்தான் இருப்பார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மழைக்காலத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி, அவளுடைய பின்மண்டை நடைபாதைக் கல்லில் மோதியது. ஆறு தையல் போட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை காப்பிப் பொடி டப்பாவைத் திறந்தவள், திறந்தபடியே நின்றுவிட்டாள். மூக்கை உள்ளே நுழைத்துப் பார்த்தாள். பெருங்காய டப்பாவைத் திறந்தாள். கற்பூரத்தைக் கசக்கினாள். எதற்குமே வாசனை இல்லை. அடிபட்டதில் மூக்குக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டது, இனிமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அவள் கண்ணாலும் காதாலும்தான் சமைத்தாள். கடுகு வெடிக்கிற சத்தத்தை எண்ணினாள். தோசையின் ஓரம் சிவப்பதை நின்று பார்த்தாள். பால் திரிந்ததா, மாவு புளித்ததா என்பதற்கெல்லாம் வெங்கடராமன்தான்.

"ஏன்னா, இந்தத் தயிரைக் கொஞ்சம் மோந்து பாருங்கோ."

"கல்யாணத்துல மூக்குத்தி போட்டேன். இப்போ மூக்கையும் நான்தான் போட்டாகணும் போலிருக்கு," என்பார் அவர். சொல்லிவிட்டு மோந்தும் பார்ப்பார். அதில் குறை சொல்வதற்கில்லை.

பயமெல்லாம் சிலிண்டர் மேல்தான். சமையல்காரி இல்லாத வீடு, பகலெல்லாம் அவள் தனி. காஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதானே அதில் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள்? அந்த நாற்றம் அவளுக்கு இல்லையே. ஆகையால் ஒவ்வொரு தடவை அடுப்பை அணைத்ததும் குனிந்து சிலிண்டர் திருகையும் மூடுவாள். டிசம்பர் குளிரில்கூட அடுக்களை ஜன்னல் திறந்தே கிடக்கும். விளக்கேற்றும் முன்னால் எதிர்வீட்டு சுப்ரியாவைக் கூப்பிட்டு, ஏதாவது வாடை வருகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் தீக்குச்சியைத் தொடுவாள். சுப்ரியா வங்காளிப் பெண், காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். "பௌதி, பௌதி" என்று ஜலஜாவைச் சொந்த அண்ணி மாதிரி சுற்றி வருவாள். வெங்கடராமன் அவளுக்கு "தாதா", அதாவது அண்ணன். அவள்தான் ஒருநாள் சொன்னாள், காஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று வந்திருக்கிறதாம், துறைமுகத்துப் பக்கம் கிடர்பூரில் கப்பல் சாமான் கடைகளில் கிடைக்கிறதாம் என்று.

இரண்டு பேரும் போனார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பூஜை விடுமுறைக்கு முன்னால். கடைக்காரன் மூன்று பெட்டிகளை எடுத்துப் போட்டு, எல்லாம் ஒன்றுதான், அழகானதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். கத்தரிக்காய்க் கூடையைக் கவிழ்க்கிறவளிடம் அது நடக்குமா? பெட்டி மேல் எழுதியிருந்ததைச் சுப்ரியாவை வரிவரியாகப் படிக்கச் சொன்னாள். முதலாவது புகைக்கு. அதை ஒதுக்கினாள். இரண்டாவது கார்பன் மோனாக்சைடுக்கு.

"அது என்ன வாயு?"

"கரியடுப்பை மூடின அறையில வெச்சா வர்றது, பௌதி. பாத்ரூம் காஸ் கீசர் சரியா எரியலைன்னாலும் வரும். அதுக்கு வாசனையே கிடையாது. யார் மூக்குக்கும் தெரியாது. தூங்கினவங்க தூங்கினபடியே போயிடுவாங்க."

"அப்போ அதுக்கு முன்னாடி நீயும் நானும் ஒண்ணுதான்," என்று ஜலஜா சிரித்தாள். மூக்கு போனதற்கப்புறம் அதைப் பற்றி அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் கரியடுப்பும் இல்லை, கீசரும் இல்லை. கடைக்காரனின் சிகரெட் லைட்டரை வாங்கி, பற்றவைக்காமல் வாயுவை மட்டும் அமுக்கி, இரண்டாவது பெட்டியில் காட்டினாள். அது பேசாமல் இருந்தது. மூன்றாவதில் காட்டினாள். கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிறாற்போல் அது கத்தியது. அதையே கட்டச் சொன்னாள்.

வீட்டில் மாட்டுவதற்கும் ஒரு வழக்கு. பேங்கில் உத்தரத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று வெங்கடராமன் ஸ்டூல் மேல் ஏறி நின்றார். "அது புகைக்கு மாட்டினது. சிலிண்டர் காஸ் தண்ணி மாதிரி தரையில தேங்கும்னு சிலிண்டர் போடறவன் சொல்றான். கீழ இறங்குங்கோ," என்று அவரை இறக்கி, தரைக்கு ஒரு முழம் மேலே, சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் மாட்டவைத்தாள். கரண்ட் இருந்தால் அதில் ஒரு பச்சை விளக்கு எரியும். காஸ் பட்டால் கத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. ஜலஜா அதற்கு மூக்கு என்றே பெயர் வைத்துவிட்டாள். "மூக்கு முழிச்சுண்டிருக்கா?" என்று பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாள். மாசம் ஒரு தடவை லைட்டரைக் காட்டிக் கத்தவைத்துப் பார்ப்பாள்.

இரண்டாவது மாசத்திலிருந்து அந்தப் பெட்டி வேளை கெட்ட வேளையில் கத்த ஆரம்பித்தது. சாயங்காலம் ஏழு, ஏழரை. ஜலஜா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். வெங்கடராமன் ஐஸ் எடுக்கப் போனேன், தண்ணீர் குடிக்கப் போனேன் என்று அடுக்களையில் நிற்பார். பெட்டி வீல் என்று கத்தும். அவள் பதறி ஓடுவாள்.

"ஒண்ணுமில்லை, நீ ஏத்தின ஊதுபத்திக்குக் கத்தறது," என்பார் அவர்.

நாலைந்து தடவை இப்படி ஆனதும் அவர் ஒரு யோசனை சொன்னார். "அடிக்கடி லைட்டரைக் காட்டினா உள்ள இருக்கிறது கெட்டுப்போயிடும்னு ஆபீஸ்ல எஞ்சினியர் சொல்றார். அதான் கண்டதுக்கும் கத்தறது. கடைல குடுத்து சரி பண்ணிண்டு வரேன். இனிமே நீ அதைத் தொடாதே. வருஷத்துக்கு ஒரு தரம் நானே எடுத்துண்டு போய்ப் பாத்துண்டு வந்துடறேன்."

ஒரு சனிக்கிழமை பெட்டியை எடுத்துப் போனார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. "பேஷா இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் அது ஊதுபத்திக்குக் கத்தவில்லை. ஏழு மணிக்கும் கத்தவில்லை. ஜலஜாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியில் ஒவ்வொன்றாகப் பழைய ஜாக்கிரதைகளை விட்டாள். சிலிண்டர் திருகைக் குனிந்து மூட முட்டி வலித்தது, விட்டாள். குளிருக்கு ஜன்னலைச் சாத்தினாள். சுப்ரியாவைக் கூப்பிடுவதையும் விட்டாள். மூக்குதான் இருக்கிறதே. இப்படி இரண்டு வருஷம்.

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில், பொங்கல் கழிந்து நாலாம் நாள், சாயங்காலம் ஆறு மணி. அடுக்களை அலமாரியில்தான் சுவாமி படங்கள். ஜலஜா திரி போட்டு, எண்ணெய் விட்டு, தீப்பெட்டியிலிருந்து குச்சியையும் உருவிவிட்டாள். வாசல் கதவை யாரோ இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தார்கள். மணியை அடிக்கவில்லை, அறைந்தார்கள்.

"பௌதி, எதையும் பத்தவைக்காதீங்க. சுவிட்சைத் தொடாதீங்க. கதவை மட்டும் திறங்க," என்று சுப்ரியா வெளியிலிருந்து கத்தினாள்.

காலேஜிலிருந்து வந்தவளுக்கு இரண்டாம் மாடிப் படியிலேயே நாற்றம் தெரிந்திருக்கிறது. உள்ளே ஓடி சிலிண்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், ஜலஜாவைக் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். ரப்பர் குழாய் சிலிண்டர் முனையில் வெடித்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. மொட்டை மாடியில் வெகுநேரம் நின்ற பிறகுதான் ஜலஜா தன் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். தீக்குச்சி இன்னும் கையிலேயே இருந்தது.

வெங்கடராமன் வீடு திரும்பி, விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போனார். "பழசாயிடுத்து, எலெக்ட்ரிக் சாமான்தானே, புதுசு வாங்கிடலாம்," என்றார். அவளுக்கு அது போதவில்லை. கத்துகிற பெட்டி ஏன் கத்தவில்லை என்று தெரிந்தாக வேண்டும். மறுநாள் காலை அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மார்க்கெட் பக்கம் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிற பன்னீர்செல்வத்திடம் போனாள். நம் ஊர்க்காரப் பிள்ளை, ஹவுராவில் குடியிருக்கிறவன். அந்த வட்டாரத்தில் எல்லார் வீட்டுச் சாமானும் அவனிடம்தான் போகும். அவன் பெட்டியைப் பார்த்ததுமே சிரித்தான்.

"என்னம்மா, இப்ப தலைவலி தேவலையா? மறுபடி சேர்த்துடட்டுமா?"

"என்ன தலைவலி?"

"இது கத்துனா உங்களுக்குத் தலைவலி வருதுன்னு சார் சொன்னாரே. நான்தானம்மா உள்ள இருக்கற கம்பிய வெட்டினேன். காஸ் பட்டா கத்துற சமாச்சாரம் எதுவும் இப்ப வேலை செய்யாது. லைட்டுக்குப் போற கம்பிய மட்டும் விட்டுடுன்னாரு. லைட்டப் பார்த்தாத்தான் அம்மா தூங்குவாங்க, அது அணையக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னாரு."

ஜலஜா கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் பெட்டியைத் திறந்து காட்டினான். வெட்டிய நுனிகளில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது.

"அது ஊதுபத்திக்கெல்லாம் கத்தித்து," என்றாள், யாருக்காகவோ வாதாடுகிறவள் போல.

"ஊதுபத்திக்குக் கொஞ்சம் கத்தும். பிராந்தி, விஸ்கி மாதிரி பக்கத்துல ஊத்துனா நல்லாவே கத்தும்மா. ஸ்பிரிட் ஆவிதானே," என்று அவன் பாட்டுக்குத் தொழில் பேசினான்.

வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மை நகர்த்தினாள். பின்னால் பாதி பாட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"சுப்ரியா, இது என்னன்னு மோந்து பாத்துச் சொல்லு."

சுப்ரியா பாட்டிலைக் கையில் வாங்கினாள். மூடியைத் திறக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோகவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"படியில தாதா எதிர்ல வந்தாலே தெரியும், பௌதி. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்னுதான் நினைச்சேன்," என்றாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இல்லை, அப்படி நினைக்கலை. சொல்ல பயமா இருந்தது," என்றாள்.

இதுதான் விஷயம். மூன்று மாடியிலும் அத்தனை மூக்கு இருந்தது. மீனாக்ஷி அவருடைய வாடையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். இந்தக் கதையைச் சொல்கிற வாயும் அன்றைக்கு மூடித்தான் இருந்தது. குடும்பத்தில் கலகம் எதற்கு என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பெண்பிள்ளையை வாசனை தெரியாத பொம்மையாக உட்காரவைத்தோம். இப்போது அவளைப் பேச யாருக்கு யோக்கியதை?

சாயங்காலம் வெங்கடராமன் வந்ததும் பாட்டிலையும் பெட்டியையும் மேஜை மேல் வைத்தாள். அவர் முதலில் பாட்டிலுக்குத்தான் பதில் சொன்னார்.

"தினம் ஒரு பெக். ஊர்ல குடிக்காதவா யாரு? உனக்கு வருத்தமா இருக்கும்னுதான் சொல்லலை."

"குடிச்சதை நான் கேக்கலை."

"அது சும்மா சும்மா கத்தித்து, ஜலஜா."

"கத்தறதுக்குத்தானே வாங்கினேன்." அவள் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "விளக்கையும் சேத்து அணைச்சிருந்தேள்னா, பெட்டி செத்துப்போச்சுன்னு நினைச்சு நான் ஜன்னலைத் திறந்து வெச்சிருப்பேன். சிலிண்டரை மூடியிருப்பேன். விளக்கை மட்டும் விட்டுடுன்னு பன்னீர்செல்வத்துகிட்ட ரெண்டு தடவை சொன்னேளே, அப்போ என்ன நினைச்சுண்டு சொன்னேள்?"

"நீ பயப்படக் கூடாதேன்னு நினைச்சேன்."

"நான் பயந்துண்டு உயிரோட இருந்தேன்."

அவர் அழுதார். புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன், குடியை இன்றோடு விட்டேன் என்றார். உண்மையாகவே விட்டிருப்பார், அவ்வளவு கெட்டவர் இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு தயிர்க் கிண்ணத்தை நீட்டி, இது நன்றாக இருக்கிறதா என்று அவரைக் கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்பார். அதை நம்பிச் சாப்பிட வேண்டும். அவளால் அது முடியாது. இருபத்து நாலு வருஷமாக அவர் பேஷாக இருக்கிறது என்று சொன்னதையெல்லாம் அன்றிரவு முழுக்கத் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு சூட்கேஸ், ஒரு பை. கரக்பூரில் தம்பி குருமூர்த்தி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். சுப்ரியா கீழே டாக்ஸி பிடிக்கப் போயிருந்தாள். வெங்கடராமன் ஆபீசுக்குப் போகாமல் கதவருகே நின்றார்.

"அங்க போய் மட்டும்? யாரு மோந்து சொல்லப் போறா உனக்கு? குருமூர்த்திக்கு வருஷம் பூரா ஜலதோஷம்."

"ஆமாம்," என்றாள் ஜலஜா, குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா அவன் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவான்."

சூட்கேஸைத் தூக்க அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினாள். கீழ்த்தளத்தில் மீனாக்ஷியின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை. தெருவாசலுக்கு வந்து, டாக்ஸிக்காரனிடம் "ஹவுரா ஸ்டேஷன்" என்றாள்.